நான்கு தமிழும் ஒரு சிரிப்பும்

நகைச்சுவைக் கலைஞர்களை நாம் விரும்பி இரசிக்கின்றோம். ஆனால் அவர்கள் ஆற்றியதைச் சமூகப் பணியென ஏற்பதற்கு ஏனோ தயங்குகின்றோம். இலங்கையில் தமிழ் பேசும் மக்கள் அனைவரையும் ஒரே வானொலிப் பெட்டியின் முன் அமரவைத்த 'கோமாளிகள்' குழுவினருக்கும் இந்நிலையே நேர்ந்துள்ளது.

1970களில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவையில் 'கோமாளிகள் கும்மாளம்' என்ற தொடர் நாடகம் ஒலிபரப்பானது. அதனை எழுதிய எஸ். ராமதாஸ், முஸ்லிம்களின் பேச்சுத் தமிழில் 'மரிக்கார்' ஆகவும் நடித்தார். எஸ். செல்வசேகரன் சிங்கள வாடை வீசும் தமிழ் பேசும் 'உபாலி' ஆனார். ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழில் 'அப்புக்குட்டி' ஆனார். பிராமணத் தமிழ் பேசும் 'ஐயர்' பாத்திரத்தை ஏற்றவரோ அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத். வானொலியில் கிடைத்த வரவேற்பு, 1976 இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படத்திற்கு வழிவகுத்தது.

முஸ்லிம் ஒருவர் ஐயராகவும், முஸ்லிமல்லாத ஒருவர் மரிக்காராகவும் பேசினர் என்பதை நாம் ஆழ்ந்து நோக்கவேண்டும். ராமதாஸை அவரது இறுதிக்காலம்வரை மக்கள் 'மரிக்கார் ராமதாஸ்' என்றே அழைத்தனர். 2016 இல் சென்னையில் அவர் காலமானபோதும் அப்பெயராலேயே நினைவுகூரப்பட்டார். இரு சமூகங்களின் பெயர்கள் ஒரு மனிதரிடத்தில் இணைந்து நின்றமை, மேடைகளில் பேசப்படும் பல ஒற்றுமைப் பிரகடனங்களிலும் வலிமையானதாகும்.

பிறர் பேச்சைப் பாவனை செய்வது ஏளனமாகாதா என்ற கேள்வி நியாயமானது. தமிழ்த் திரைப்படங்கள் சில, ஒரு சாராரின் பேச்சு வழக்கையே நகைப்புக்குரியதாக்கி அவர்களை நோகச் செய்துள்ளமையும் உண்மையே. எனினும் இங்கே வேறுபாடு ஒன்றுண்டு. ஒருவர் மட்டும் கோமாளியாகவும் ஏனையோர் அறிவாளிகளாகவும் காட்டப்படும்போது சிரிப்பு காயப்படுத்துகின்றது. நால்வருமே கோமாளிகளாகும்போது எவரது தமிழும் தாழ்ந்ததாகாது. இச்சமநிலையே அக்குழுவினரின் வெற்றிக்குக் காரணம் என்பது எமது கருத்தாகும்.

இப்பாடம் மாத்தளை மாவட்டத்திற்கு நெருக்கமானது. சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர், வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோர் என அனைவரும் ஒரே கடைத்தெருவைப் பகிர்ந்துகொள்ளும் மாவட்டம் இது. 1983 ஜூலை வன்செயலின்போது மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயமும் தீக்கிரையானதை மக்கள் மறக்கவில்லை. 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமை தமிழ் பேசும் இரு சமூகங்களுக்கிடையே ஆழ்ந்த காயத்தை ஏற்படுத்தியது. 2018 இல் அயல் மாவட்டமான கண்டியில் திகன வன்செயல் மூண்டது. சேர்ந்து சிரிக்கும் வாய்ப்புகள் இத்தகைய ஒவ்வொரு நிகழ்வின் பின்னரும் குறைந்துகொண்டே வந்தன.

'கோமாளிகள்' நால்வரிடையே ஒரு குறையையும் சுட்டவேண்டும். தோட்டத் தொழிலாளரின் மலையகத் தமிழ் பேசுபவர் அந்நால்வரில் ஒருவராக இல்லை. 'அவள் ஒரு ஜீவநதி' திரைப்படத்தைத் தந்த மாத்தளை கார்த்திகேசு போன்ற கலைஞர்களை ஈன்ற மண்ணிலிருந்து அந்த ஐந்தாவது குரல் ஒலித்திருக்க வேண்டும். இன்றும் தோட்டப் பிள்ளைகள் சிலர் நகரப் பாடசாலைக்குச் சென்றதும் தமது வீட்டு மொழியை மறைத்துக்கொள்கின்றனர் எனில், அக்குறை இன்னும் நிரப்பப்படவில்லை என்பதே பொருள்.

நகைச்சுவையைச் சமூகப் பணியாக்கியோர் தமிழகத்திலும் உளர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் மூடநம்பிக்கையைச் சிரிப்பால் சாடியதோடு, ஈட்டிய பொருளை இல்லாதோருக்கு வாரி வழங்கினார். 'சின்னக் கலைவாணர்' விவேக், அப்துல் கலாமின் ஊக்கத்தால் மரம் நடும் இயக்கத்தை முன்னெடுத்தார். 2021 இல் அவர் மறைந்தபோது இளைஞர் பலர் மரக்கன்று நட்டே அஞ்சலி செலுத்தினர். பசிபிக் தீவான சமோவாவில் 'ஃபலே அயிட்டு' என்ற மரபு நாடகத்தில், கோமாளி ஊர்த்தலைவர்களையே கேலி செய்யலாம். ஆவியின் பெயரால் பேசுவதாகக் கொள்ளப்படுவதால் அவனை எவரும் தண்டிப்பதில்லை. எமது கூத்தில் அரசனை எள்ளி நகையாடும் கட்டியக்காரனும் இத்தகையவனே.

ஆகவே, செய்யவேண்டியவை தெளிவானவை. அக்கால வானொலி நாடகங்களின் ஒலிப்பதிவுகளில் எஞ்சியவை பேணப்படவேண்டும். மாத்தளையின் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகள் ஆண்டுக்கொரு முறையேனும் ஒரே மேடையில் நகைச்சுவை நாடகம் நடத்தவேண்டும். அதில் ஒவ்வொரு மாணவரும் மற்றவரின் சமூகத்தைச் சேர்ந்த பாத்திரத்தை ஏற்கவேண்டும். ஒருவரது பேச்சைப் பிழையின்றிப் பேசுவதற்கு, முதலில் அவர் பேசுவதைச் செவிமடுக்க வேண்டும். செவிமடுக்கும் பழக்கம் வேரூன்றிய ஊரில் வதந்திகள் எளிதில் தீயாகப் பரவமாட்டா.