கோராபுட் மலைநாடு: குடும்பத்தோடு போகிறவர்கள் அறிய வேண்டியவை

விசாகப்பட்டினத்தில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் அரக்கு போகாத குடும்பம் இராது. காலை ரயிலில் ஏறுவார்கள், போர்ரா குகையைப் பார்ப்பார்கள், காபித்தூள் பொட்டலத்தோடு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அரக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்டால், "மலைதானே சார்" என்று பதில் வரும். அந்த மலைக்குள் ஒரு நாடே இருக்கிறது. அதற்குக் கோராபுட் என்று பெயர். தானிய வியாபாரத்தை முன்னிட்டு நான் பல தடவை போன பகுதி. மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பமாகவும் போய் நான்கு நாள் தங்கி வந்திருக்கிறோம். போக விரும்புகிற அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்று, பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாடும் வழியும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் மேல் படிப்படியாக அமைந்த பீடபூமி இது. கோராபுட், நந்தபூர், செமிலிகுடா ஆகியவை ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து மேற்கே இறங்கினால் சுமார் 2,000 அடியில் ஜெய்ப்பூர். (ராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் வேறு, டிக்கெட் வாங்கும்போது கவனிக்கவும்.) ஒடிசாவின் மிக உயர்ந்த சிகரமான தேவமாலி, 1,672 மீட்டர், இந்த மாவட்டத்தில்தான் நிற்கிறது.

வெப்ப மண்டலம்தானே என்று மெல்லிய துணியோடு போய்விடக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் இரவில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். ஆனி தொடங்கி நான்கு மாதம் கடும் மழை. கார்த்திகை மாதம் போவதே உத்தமம். அப்போது மலைச்சரிவெல்லாம் உச்செள்ளு மஞ்சளாகப் பூத்திருக்கும்.

ரயில் பாதை கொத்தவலசையிலிருந்து கிரந்துல் வரை போகிறது. பைலாடிலா இரும்புத் தாதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960-களில் ஜப்பானிய ஒத்துழைப்போடு போட்ட பாதை. மொத்தம் 58 குகைப்பாதைகள். பேரன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, பாதியில் தூங்கிப்போனான்.

இந்த நாடு நமக்கு அன்னியமும் அல்ல. 1936 ஏப்ரல் 1 அன்று ஒரிசா தனி மாகாணம் ஆகும் வரை இது சென்னை மாகாணத்து விசாகப்பட்டினம் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. அதாவது, இந்த மலை கிராமங்களுக்கும் நம் வந்தவாசிக்கும் ஒரே கோட்டையிலிருந்துதான் உத்தரவு போனது.

மக்களும் மொழிகளும்

'ட்ரைபல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பரஜர், கதபர், கோந்தர், போண்டர் என்று பல குடிகள் இங்கே உண்டு. ஒவ்வொரு குடிக்கும் தனி வழக்கம், பலருக்குத் தனி மொழி. இவர்களுக்குள் பொதுவாகப் பேசிக்கொள்ள 'தேசியா' என்ற ஒரிய வழக்கு இருக்கிறது.

கதபர் விஷயம் வெகு ரசமானது. ஒரே பெயர் கொண்ட குடியில் ஒரு சாரார் பேசும் குதோப் மொழி முண்டா இனத்தைச் சேர்ந்தது. அது சந்தாலிக்கு உறவு. தூரத்து உறவாகக் கம்போடியாவின் கெமர் வரைக்கும் போகும். இன்னொரு சாரார் பேசும் ஒல்லாரி திராவிட மொழி, நமக்குப் பங்காளி. ஒல்லாரியில் கண்ணுக்குக் 'கண்', பாலுக்குப் 'பால்'. கோந்தர் பேசும் கூயி மொழியில் கண்ணுக்குக் 'கனு'. பரோ, பட்டாச்சார்யா ஆகிய இருவரும் 1953-ல் பர்ஜி மொழியைப் பற்றியும், பட்டாச்சார்யா 1957-ல் ஒல்லாரியைப் பற்றியும் நூல் வெளியிட்டிருக்கிறார்கள். எழுத்து இல்லாத மொழி என்றால் இலக்கணம் இல்லாத மொழி என்று நினைப்பவர்கள் அவற்றைப் புரட்டிப் பார்க்கலாம்.

கிராமத்துக்குள்

ஊர் எல்லையிலோ நடுவிலோ மரத்தடியில் ஒரு கல் நட்டிருக்கும். 'நிசானி முண்டா' என்பார்கள், ஊர்த் தெய்வம். கதபர் ஊர்களில் பலகைக் கற்கள் சூழ்ந்த 'சதர்' என்ற மன்றம் உண்டு. இறந்துபோன முன்னோர் நினைவாக வைத்த கற்கள் அவை. ஊர்ப் பெரியவர்கள் அங்கேதான் கூடிப் பேசுவார்கள். நம் நடுகல்லும் ஊர் மன்றமும் ஒன்றாய்ச் சேர்ந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் பார்க் பெஞ்சு என்று நினைத்து அந்தக் கல்லில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் குலதெய்வத்துக் கல்மேல் யாராவது கால் தூக்கி உட்கார்ந்தால் சும்மா இருப்போமா? பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லி அழைத்துப் போக வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கேழ்வரகும் சாமையும்தான் அங்கே ஆதி உணவு. 'மண்டியா பேஜ்' என்று ஒன்று கொடுப்பார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் அதைக் குடித்துப் பார்த்த பேத்தி, "தாத்தா, இது நம்ம கூழ்தானே!" என்றாள். கூழேதான். முதல் நாள் காய்ச்சியதை நம் ஜைனர் ஏற்பதில்லை என்பதால் அன்று காய்ச்சியதைக் கேட்டோம், சிரித்துக்கொண்டே தந்தார்கள். பொழுது சாய்வதற்குள் உண்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும்: கார்த்திகையில் ஐந்தரைக்கு முன்பே அங்கே சூரியன் மறைந்துவிடும். தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக் குடிக்கவும். மலேரியா நெடுங்காலமாக வாட்டிய பகுதி, ஆகவே கொசுவலை இல்லாமல் போக வேண்டாம்.

சந்தையில் கண்டது

செமிலிகுடா பக்கம் குந்துலி என்ற ஊரில் வெள்ளிக்கிழமை சந்தை கூடும். தலைச்சுமையாகவும் காவடி கட்டியும் மைல் கணக்கில் நடந்து வருவார்கள். பல குடி மக்களையும் அவர்கள் விளைச்சலையும் ஒரே இடத்தில் காணலாம்.

எங்கள் மருமகள் ஒரு பாட்டியம்மாவிடம் அவரைக்காய் பேரம் பேசினாள். "மாமா, பத்து ரூபா குறைக்கச் சொல்லுங்க, டவுன்லயே இதே விலைதான்" என்றாள். நான் சொன்னேன்: "டவுன்ல விக்கறவன் லாரியில கொண்டுவரான்மா. இந்தம்மா மலையிலேர்ந்து நடந்து வந்திருக்கு. சாயங்காலம் விக்காட்டி திருப்பிச் சுமக்கணும். அதனாலதான் கேட்ட விலைக்குக் குடுத்துடுவாங்க. குடுத்துடுவாங்கன்றதுக்காக நாம கேக்கலாமா?" அவள் மறுபேச்சில்லாமல் முழு விலையும் கொடுத்தாள்.

நாற்பது வருஷம் தராசு பிடித்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். இந்த மலைநாட்டுக்கு வெளியார் செய்த பெரும் அநீதி படிக்கல்லிலும் கடன் கணக்கிலும்தான் நடந்தது. சாவுக்கோ கல்யாணத்துக்கோ வாங்கிய சிறு கடனுக்கு ஆண்டுக்கணக்கில் ஆள் உழைத்துக் கழிப்பதற்கு அங்கே 'கோத்தி' என்று பெயர். கோபிநாத் மொஹந்தி 1945-ல் எழுதிய 'பரஜா' நாவல் அந்தக் கொடுமையைச் சொல்வதுதான். 1973-ஆம் ஆண்டு ஞானபீடப் பரிசு பெற்ற எழுத்தாளர் அவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. பழங்குடியினர் நிலத்தை மற்றவர் வாங்கக் கூடாது என்பதற்கு ஒரிசாவில் 1956-லும், ஆந்திராவில் 1959-லும் ஒழுங்குவிதிகள் ஏற்பட்டன. ஆந்திர விதி 1970-ல் இறுக்கப்பட்டது. "அரக்கு பக்கம் ஒரு சென்ட் இடம் வாங்கிப் போடலாமா?" என்று என்னைக் கேட்கிற நண்பர்களுக்கு இந்தச் சட்டத்தைத்தான் பதிலாகச் சொல்வது.

குறைந்த அளவால் கொடுப்பதும் மிகுந்த அளவால் வாங்குவதும் களவின் கூறுகள் என்று தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. இல்லறத்தார் விரதங்களைச் சொல்லும் நம் அருங்கலச்செப்பு, கள்ளாமையோடு திசை விரதத்தையும் கூறுகிறது. எத்திசையில் எவ்வளவு தூரம் போவது என்று எல்லை வகுத்துக்கொள்வது திசை விரதம். பயணம் போகும் இடமெல்லாம் நம் ஆசையும் கூடவே போகும் என்று அறிந்த பெரியோர் வைத்த ஏற்பாடு அது.

சுபாயும் நந்தபூரும்

ஜெய்ப்பூர் அரசர்களின் பழைய தலைநகரம் நந்தபூர். முப்பத்திரண்டு படிகள் கொண்ட சிம்மாசனம் என்று சொல்லும் இடிபாடு அங்கே இருக்கிறது. அந்தப் பக்கத்திலேயே சுபாய் என்ற சிற்றூரில் ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய சமணக் கோயில்கள் உண்டு. ரிஷபநாதர் முதலிய தீர்த்தங்கரர் திருமேனிகளைச் சிறு சிறு கற்கோயில்களில் காணலாம். கச்சேலா, பைரவசிங்பூர் போன்ற ஊர்களிலும் இத்தகைய சிற்பங்கள் கிடைத்துள்ளன.

சில ஊர்களில் தீர்த்தங்கரரை ஊர்த் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். சில இடங்களில் பலியும் நடந்ததாகச் சொல்வார்கள். "அடடா, கொல்லாமை சொன்னவர் முன்னாலா!" என்று என் மனைவி வருந்தினாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் கோபப்பட நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? கட்டியவர்கள் போய்விட்டார்கள். காட்டு மரம் கல்லைப் பிளக்காமல் வெட்டி, விளக்கேற்றி, திருமேனியைக் காத்துக் கொடுத்தவர்கள் இந்த மக்கள். நம் மதுரை கீழக்குயில்குடிச் சமணர் மலையில் தீர்த்தங்கரரைச் செட்டியார் என்று எண்ணி, அந்தக் குகைக்கே 'செட்டிப்புடவு' என்று பெயரிட்டுவிட்டார்கள். பெயர் மாறியும் சிலை பிழைத்தது. அங்கே நடந்ததேதான் இங்கேயும்.

விதையும் அணையும்

நெல் வியாபாரிகள் இந்த மண்ணை விழுந்து வணங்க வேண்டும். ஜெய்ப்பூர்ப் பகுதியில் 1950-களின் பிற்பாதியில் நடந்த கணக்கெடுப்பில் 1,700-க்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சேகரித்தார்கள். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம் ஜெய்ப்பூரில் மையம் அமைத்து, மலை மக்களோடு சேர்ந்து அந்த விதைகளைக் காக்கும் பணி செய்கிறது. பத்ராபுட் ஊரைச் சேர்ந்த பரஜர் குடிப் பெண்மணி கமலா பூஜாரி விதை சேர்த்தே பேர் பெற்று, 2019-ல் பத்மஸ்ரீ விருது வாங்கினார், 2024-ல் காலமானார். கோராபுட்டின் மரபு வேளாண்மையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2012-ல் உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. வாசனையான காலாஜீரா அரிசி 2024-ல் புவிசார் குறியீடு பெற்றது.

இத்தனையும் கொடுத்தவர்களுக்கு நாம் கொடுத்தது என்ன? மச்குண்ட் நீர்மின் நிலையம் 1955-ல் ஓடத் தொடங்கியது. விசாகப்பட்டினத்துக்கு வெளிச்சம் வந்தது. அதற்கான ஜலாபுட் அணையில் கதபர், பரஜர் நிலங்களும் ஊர்களும் முழுகின. பின்னர்க் கோலாப் அணையிலும் அதே கதை. மல்கான்கிரி பக்கம் பலிமேளா நீர்த்தேக்கம் சூழ்ந்து, நூற்றைம்பது கிராமங்கள் தீவு போலத் துண்டாகின. அவர்களுக்குக் குருப்ரியா பாலம் திறந்தது 2018-ல்தான். துடுமா அருவியைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அருகிலுள்ள மின் நிலையத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை

ஊருக்குள் நுழையுமுன் நாயக் எனப்படும் தலைவரிடமோ பெரியவரிடமோ ஒரு வார்த்தை கேட்கவும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பெண்களைப் படம் எடுக்கவே வேண்டாம். போண்டர் போன்ற சிறு குடியினரின் ஊர்களில் சுற்றுலாப் பயணிகள் தங்குவதற்கும் படமெடுப்பதற்கும் ஒடிசா அரசு 2012-ல் கட்டுப்பாடு விதித்தது, அதை மதிக்கவும். குழந்தைகளுக்கு மிட்டாயும் காசும் இறைத்துக் கையேந்தப் பழக்காதீர்கள். கொடுக்க மனம் இருந்தால் பள்ளிக்கூடத்து ஆசிரியரைக் கேட்டு, வேண்டியதை வாங்கிக் கொடுங்கள். டெம்சா ஆட்டம் பண்டிகையில் அவர்களாக ஆடும்போது காண்பதே அழகு. காசு கொடுத்து, களைத்து வந்தவர்களை ஆடச் சொல்வது அழகல்ல.

நாமும் பிழைக்க வந்த ஊரில் பிறர் மொழி நடுவே வாழ்கிறவர்கள்தான். நம் வாசலில் வருகிறவன் எப்படி நடக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அப்படி அவர்கள் வாசலில் நாம் நடந்தால் போதும். அடுத்த கார்த்திகையில் போக நினைக்கும் குடும்பங்கள் ஒரு வெள்ளிக்கிழமை குந்துலியில் இருக்குமாறு பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். பை எடுத்துப் போங்கள், சில்லறையும் எடுத்துப் போங்கள். சொன்ன விலையைக் கொடுத்து வாருங்கள்.