மணிலாவுக்கு ஒரு கூலி, பொரிக்கு ஒரு கூலி

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மணிலாவும் நெல்லும் முக்கியப் பயிர்கள். விளைந்ததை மூட்டையாக விற்பது ஒருபுறமிருக்க, செக்கெண்ணெய், மணிலாப் பருப்பு, பாரம்பரிய அரிசி, பொரி ஆகியவற்றை இணையக் கடை மூலம் வெளியூர்களுக்கு நேராக அனுப்பும் வழி சிறு விவசாயிகளுக்கும் திறந்திருக்கிறது. இதில் லாபத்தைக் கரைப்பது பெரும்பாலும் அனுப்பும் கூலிதான்.

கடை திறந்தவுடன் பலர் எல்லாப் பொருளுக்கும் 60 ரூபாய் என்று ஒரே கூலியை எழுதி விடுகின்றனர். அரைக் கிலோ பருப்பு கேட்பவர் இக்கூலியைப் பார்த்துத் திரும்பி விடுவார். 5 லிட்டர் எண்ணெய் கேட்பவரோ மகிழ்ச்சியோடு வாங்குவார். மீதிக் கூலி விவசாயியின் தலையில் விழும்.

கணக்கைப் பார்ப்போம். கடலை எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம். 5 லிட்டர் ஏறக்குறைய 4.55 கிலோ. கேனும் அட்டைப்பெட்டியும் சேர்ந்து 5.1 கிலோ ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். கூரியரில் பெரும்பாலும் 500 கிராம் படிகளாகக் கூலி ஏறுவதால் இது 5.5 கிலோவாகவே கணக்கிடப்படும். உதாரணத்திற்குக் கிலோவுக்கு 50 ரூபாய் என்றால் 275 ரூபாய். 18 சதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 324 ரூபாய் 50 காசு. 60 ரூபாய் மட்டும் வாங்கியிருந்தால் கைநஷ்டம் 264 ரூபாய் 50 காசு. லிட்டருக்கு 40 ரூபாய் லாபம் வைத்தவருக்கு முழு லாபமும் போய், மேற்கொண்டும் 64 ரூபாய் 50 காசு போகும்.

பொரியின் கதை வேறு. ஒரே அளவுச் சாக்கில் நெல் 75 கிலோவும் மணிலாக்காய் 40 கிலோவும் பிடிப்பது விவசாயிகள் அறிந்ததே. வண்டியில் இரண்டும் அடைக்கும் இடம் ஒன்றுதான். ஆகவே கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000 ஆல் வகுத்து ஒரு எடையைக் கணக்கிடுகின்றன. தராசு எடை, இந்தக் கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. 40, 30, 25 செ.மீ. பெட்டியில் பொரி மூன்று கிலோ அளவே கொள்ளும். கூலியோ 6 கிலோவுக்கு! பொரியை அருகிலுள்ள ஊர்களோடு நிறுத்திக் கொள்வதே நலம்.

எனவே சிறிய உலர் பொருள், கனமான பொருள், இடமடைக்கும் பொருள் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக்கூலி வைக்க வேண்டும். வூகாமர்ஸ் என்னும் கடை மென்பொருளில் இதற்கு 'ஷிப்பிங் கிளாஸ்' என்ற வசதி உண்டு. ஒருவர் பல வகைப் பொருள் வாங்கினால் வகைக்கூலிகளை எல்லாம் கூட்டுவதா, அதிகமான ஒன்றை மட்டும் வாங்குவதா என்று அதில் கேட்கப்படும். எண்ணெய்க் கேனைப் பருப்போடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. கசிந்தால் பருப்பும் பாழ். தனிப்பெட்டி என்பதால் கூட்டிக் கொள்வதே சரி. எண்ணிக்கையால் பெருக்கும் குறியீட்டையும் கேனுக்குச் சேர்க்கத் தவறக் கூடாது. இல்லையேல் நான்கு கேன் வாங்குபவரும் ஒரு கேனுக்குரிய கூலியே கட்டுவார். சென்னை, மற்ற மாவட்டங்கள், வெளி மாநிலம் எனத் தூரத்திற்கேற்பவும் கூலியை மாற்றி வைக்கலாம்.

வாங்க மறுத்த பார்சலுக்குத் திரும்பி வரும் கூலியும் அனுப்பியவரையே சேரும். ஆதலால் எண்ணெய்க்கு, பொருளைப் பெற்றபின் பணம் தரும் முறை வேண்டாம்.

பெட்டியை ஒட்டி முடித்த பிறகே எடை போட வேண்டும். தராசின் எண்ணும் பெட்டியின் அளவும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து, நோட்டிலும் குறித்துக் கொள்ளலாம். கூரியர் பில்லில் எடை கூடுதலாக வந்தால், தாமதிக்காமல் அந்தப் படத்தைக் காட்டி ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்.