"எலி கடிச்சிருக்கு சார்": ஒரு பெட்ரோல் லீக்கும் வாரண்டி சண்டையும்

இன்னைக்கு என் காரோட கதை. வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆச்சு, மூணு வருஷ வாரண்டி இருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைல அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கு இறங்கினா, குப்புனு பெட்ரோல் வாசனை. வண்டிக்கு அடியில ஈரம். ஏசி தண்ணியா இருக்கும்னு முதல்ல நினைச்சேன். ஆனா ஏசி தண்ணிக்கு வாசனை இருக்காது.

சரி, அப்படியே சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிட்டுப் போயிடலாம்னு சாவியை எடுத்தேன். பக்கத்து வீட்டு அண்ணன்தான் தடுத்தார். இப்போ வர்ற பெட்ரோல் கார்கள்ல டேங்குக்குள்ளயே ஒரு பம்ப் இருக்கு. அது பெட்ரோலை அழுத்தத்தோட எஞ்சினுக்கு அனுப்பும். ஸ்டார்ட் பண்ணா, சொட்டுற இடத்துல பீச்ச ஆரம்பிக்கலாம். அதோட பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. மேல கலைஞ்சு போகாம தரையோட தேங்கி நிற்கும். அங்க ஒரு தீப்பொறி போதும். அதனால ஸ்டார்ட் பண்ணாதீங்க, லைட் சுவிட்சைத் தொடாதீங்க. எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிட்டு, வெளியே வந்து போன் பண்ணுங்க. நிறைய ஒழுகினா 112-க்கு. நான் டோயிங் வண்டியை வரவழைச்சேன்.

மறுநாள் சர்வீஸ் சென்டர்ல இருந்து போன். "சார், பெட்ரோல் ஹோஸை எலி கடிச்சிருக்கு. வாரண்டில வராது. பதினாலாயிரம் ஆகும், அப்ரூவ் பண்ணிடுங்க."

நம்ம ஊர்ல எலி வயரையும் ஹோஸையும் கடிக்கிறது சகஜம்தான். ஆனா வாரண்டிங்கிறது பொருள்லயோ தயாரிப்புலயோ இருக்கிற குறைக்குத்தான். எலி கடிச்சா அது வெளியே இருந்து வந்த சேதம். அப்போ 'எலி'ங்கிற ஒரே வார்த்தைதான் பணம் யார் கட்டணும்னு முடிவு பண்ணுது.

நான் அப்ரூவ் பண்ணலை, நேர்ல போனேன். "கழட்டுறதுக்கு முன்னாடி காட்டுங்க"ன்னேன். லிஃப்ட்ல ஏத்திக் காட்டினாங்க. ஹோஸ் வளையுற இடத்துல நீளமா ஒரு வெடிப்பு. பல் தடம் இல்லை, எலிப் புழுக்கை இல்லை, பக்கத்துல இருந்த வயர்ல ஒரு கீறல்கூட இல்லை. எல்லாத்தையும் வீடியோ எடுத்தேன்.

அப்புறம் ரெண்டே விஷயம் கேட்டேன். ஒண்ணு, வாரண்டி கிடையாதுன்னா அதுக்கான காரணத்தை ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்க. ரெண்டாவது, பழைய ஹோஸைத் தூக்கிப் போடாதீங்க. என் முன்னாடியே கவர்ல போட்டு ஒட்டி, தேதி எழுதுங்க. அட்வைசர் குரல் அப்போவே கொஞ்சம் இறங்கிடுச்சு.

படங்களோட கம்பெனிக்கு மெயில் போட்டு, அவங்க எஞ்சினியரே வந்து பார்க்கணும்னு கேட்டேன். பத்து நாள் கழிச்சு வந்தார், பார்த்தார். இலவசமா மாத்திட்டாங்க. ஆனா பில்லுல 'குட்வில்'னு போட்டிருந்தது. அதாவது, எங்க தப்பு இல்லை, போனா போகுதுன்னு செஞ்சு கொடுத்தோம்னு அர்த்தம். நாளைக்கு அதே ஹோஸ் திரும்ப வெடிச்சா, பழைய ரெக்கார்டு எனக்கு உதவாது. இன்னும் ரெண்டு மெயில் போட்ட பிறகுதான் அது 'வாரண்டி'ன்னு மாறுச்சு.

மாத்தலைன்னா என்ன பண்ணியிருப்பேன்? முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுலயும் நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, நீங்க குடியிருக்கிற ஊர்லயே வழக்கு போடலாம். பிரச்சினை வந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். பொருளுக்கோ சேவைக்கோ நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே இல்லை. 5-ல இருந்து 10 லட்சம்னா 200 ரூபாய். தேவைப்பட்டா ஆணையம் அந்தப் பாகத்தை லேபுக்கு அனுப்பிச் சோதிக்கவும் சொல்லலாம்.

ஆனா சோதிக்க அந்தப் பாகம் இருக்கணுமே! போன்லயே 'சரி, பண்ணிடுங்க'ன்னு சொல்லியிருந்தா, என் ஹோஸ் அன்னைக்கே குப்பைக்குப் போயிருக்கும். கூடவே என் பதினாலாயிரமும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.