உறைபனியில் 'மக்கர்' செய்யும் பழைய கார்: கார்புரேட்டரை கழற்றும் முன் இதை பாருங்க!

ஊட்டி:

நீலகிரி மாவட்டத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி காலம். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பகுதிகளில் விடியற்காலையில் புல்வெளி முழுவதும் வெள்ளை கம்பளம் விரித்தது போல கிடக்கும். சுற்றுலா பயணிகள் அதை போட்டோ எடுத்து மகிழ்வார்கள். ஆனால் பழைய அம்பாசிடர், மாருதி 800, ஆம்னி வேனை வைத்து பிழைப்பவர்களுக்கு அந்த நேரம் பெரும் திண்டாட்டம். செல்ப் அடித்து அடித்து பார்த்தாலும் வண்டி கிளம்பாது. காலை 6 மணி சவாரி கைநழுவி போய்விடும்.

உடனே அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்வது, "கார்புரேட்டர் போச்சு" என்பதுதான். அதை கழற்றி, கழுவி, புது கிட் போட்டு பணம் கட்டிய பிறகும் மறுநாள் காலை அதே கதை நடப்பது உண்டு. ஏனென்றால் கோளாறு வேறு எங்கோ இருந்திருக்கும். ஸ்பேனரை எடுக்கும் முன் வரிசையாக சில சோதனைகளை செய்தால் வீண் செலவை தவிர்க்கலாம்.

பெட்ரோல் உறைந்து விடுமா?

இல்லை. ஊட்டி குளிருக்கு பெட்ரோல் உறையாது. ஆனால் சரியாக ஆவியாகாது. பெட்ரோல் ஆவியாகி காற்றோடு கலந்தால்தான் எரியும். அதனால்தான் சோக் குமிழை இழுக்கிறோம். சோக், காற்றை குறைத்து பெட்ரோலை கூட்டி கொடுக்கும்.

ஊட்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊரில், காற்றின் அடர்த்தி சமவெளியை விட சுமார் 5-ல் ஒரு பங்கு குறைவு. கோவையில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே வந்தால், காற்றுக்கு பொருந்தாத அளவில் பெட்ரோலை அதிகமாக விடும். அந்த நிலையில் சோக்கையும் இழுத்து, ஆக்சிலேட்டரையும் பத்து தடவை மிதித்தால் பெட்ரோல் ஓவர்புளோ ஆகிவிடும்.

ஆக, பெட்ரோல் போதாமலும் வண்டி கிளம்பாது. அதிகமானாலும் கிளம்பாது. இதில் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

செல்ப் சத்தத்தை கேளுங்க

செல்ப் அடிக்கும்போது என்ஜின் வேகமாக சுற்றுகிறதா, இல்லை 'உர்ர்... உர்ர்...' என்று முக்குகிறதா? முக்கினால் பெட்ரோலை பற்றி யோசிக்கவே வேண்டாம். குளிரில் பேட்டரியின் பலம் குறைந்து விடும். என்ஜின் ஆயிலும் கெட்டியாகி விடும். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை உப்பை சுடுதண்ணீர் ஊற்றி சுத்தம் செய்து, இறுக்கி மாட்டினாலே பாதி வண்டிகள் கிளம்பி விடும்.

ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் செல்ப் அடிக்க கூடாது. நடுவில் ஒரு நிமிடமாவது ஓய்வு விட வேண்டும். இல்லை என்றால் பேட்டரியும் போகும், செல்ப் மோட்டாரும் போகும்.

மூக்கே மீட்டர்!

என்ஜின் நன்றாக சுற்றியும் கிளம்பவில்லையா? பானட்டை திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் ஓவர்புளோ. சோக்கை உள்ளே தள்ளி விட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடியே சில வினாடி செல்ப் அடியுங்கள். உள்ளே தேங்கிய பெட்ரோல் காற்றோடு வெளியேறி வண்டி கிளம்ப வாய்ப்பு அதிகம்.

அப்படியும் கிளம்பாவிட்டால் ஒரு பிளக்கை கழற்றி பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் பற்றவில்லை என்று அர்த்தம். பிளக், பாயிண்ட், காயில், ஒயர் இவற்றை கவனிக்க வேண்டும். பனி ஈரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இறங்கினாலும் இதே நிலைதான். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். பிளக் கரி பிடித்து கருப்பாக இருந்தால் நாள் கணக்கில் பெட்ரோல் அதிகமாக போகிறது. காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை.

பெட்ரோல் எங்கே நின்றது?

பெட்ரோல் வரவில்லை என்று தெரிந்தால், என்ஜினை ஆப் செய்து ஏர் பில்டர் மூடியை எடுங்கள். சோக் தகட்டை திறந்து, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியை கையால் ஒரு தடவை இழுங்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்சி அடித்தால், அதுவரைக்கும் பெட்ரோல் வந்து சேர்ந்திருக்கிறது. சோக் கேபிளை ஒருவர் இழுக்க, தகடு முழுவதும் மூடுகிறதா என்று பாருங்கள். கேபிள் தளர்ந்து தகடு பாதியில் நிற்பது பழைய வண்டிகளில் சகஜம்.

பெட்ரோல் பீய்ச்சவில்லை என்றால் கோளாறு பின்னால் இருக்கிறது. டேங்க் மூடியை திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்று துளை அடைத்திருக்கிறது. அடுத்து பெட்ரோல் பில்டர். அதன் பிறகு 'ஏ.சி. பம்ப்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் பெட்ரோல் பம்ப். உள்ளே உள்ள டயாபிரம் கிழிந்தாலும், வால்வு தேய்ந்தாலும் பெட்ரோல் ஏறாது.

காலையில் மட்டும் நீண்ட நேரம் செல்ப் எடுத்து, பகலில் தொட்டதும் கிளம்பினால் இரண்டு பேர் மீது சந்தேகப்படலாம். ஒன்று சோக். இன்னொன்று, ராத்திரியில் பெட்ரோலை டேங்குக்கே திரும்ப விடும் பம்ப் வால்வு.

எத்தனால் கலந்த பெட்ரோல்

பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தையும், 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டியது. கார்புரேட்டர் வண்டிகள் இதை மனதில் வைத்து செய்யப்பட்டவை அல்ல. பழைய ரப்பர் டியூப், டயாபிரம், வாஷர் ஊறிப்போய் வெடிப்பு விடலாம். டியூப்பில் சின்ன வெடிப்பு இருந்தாலும் பம்ப் பெட்ரோலுக்கு பதில் காற்றை இழுக்கும்.

எத்தனால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். பாதி காலியான டேங்கில் ராத்திரி பனியில் ஈரம் படியும். தண்ணீர் அதிகமானால் எத்தனாலோடு சேர்ந்து டேங்க் அடியில் தனியாக தங்கி விடும். குளிர் கூடினால் இது சீக்கிரமே நடக்கும். காலையில் முதலில் ஏறுவதும் அதுதான். எனவே குளிர் காலத்தில் டேங்கை காலியாக விடாதீர்கள்.

கிளம்பி போய் நின்றால்...

சில வண்டிகள் நன்றாக கிளம்பி, 2 கிலோமீட்டர் போனதும் இழுவை குறைந்து நின்று விடும். பத்து நிமிடம் கழித்து தானாகவே கிளம்பும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது அந்த இடம் மேலும் குளிர்ந்து, பனிமூட்ட காற்றில் உள்ள ஈரம் ஐஸாக படிவதால் இப்படி நடக்கலாம். என்ஜின் சூடு ஏறியதும் அது உருகி விடும். சைலன்சர் பக்கமிருந்து சூடான காற்றை எடுத்து வரும் டியூப் உள்ள வண்டிகளில், அது கழன்று கிடக்கிறதா என்று பாருங்கள்.

சோக் இல்லாத எம்.பி.எப்.ஐ. வண்டி என்றால், சாவியை ஆன் செய்ததும் பின்னால் பம்ப் 'விர்ர்' என்று இரண்டு வினாடி ஓடும் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் வந்தும் காலையில் மட்டும் தகராறு செய்தால், என்ஜின் சூட்டை அளக்கும் சென்சாரை சோதிக்க சொல்லுங்கள்.

டீசல் வண்டியா?

கடும் குளிரில் டீசலில் மெழுகு பிரிந்து பில்டரை அடைக்கும். லடாக் போன்ற இடங்களுக்காக மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ல் கொண்டு வந்ததும் இதனால்தான். இங்கே அந்த அளவுக்கு குளிர் இல்லை. முதலில் ஹீட்டர் பிளக் சூடாகிறதா என்று பாருங்கள். பில்டர் அடைத்தால் சுடுதண்ணீரில் நனைத்த துணியை சுற்றி வையுங்கள். தீப்பந்தம் காட்டவே கூடாது.

உயிரோடு விளையாடாதீங்க

வண்டி கிளம்பவில்லை என்று கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி செல்ப் அடிப்பது பலருக்கு பழக்கம். என்ஜின் பின்பக்கமாக 'டப்' என்று வெடித்தால் தீ நேராக முகத்துக்கு வரும். கையில் பெட்ரோல் பாட்டில் இருந்தால் அவ்வளவுதான்.

அதேபோல், குளிருக்கு பயந்து ஷெட் கதவை மூடிக்கொண்டு என்ஜினை சூடாக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தூக்கம் வருவது போல இருக்கும், எழுந்திருக்க முடியாது. வண்டியை வெளியே தள்ளி விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்படியும் கிளம்பாமல் மெக்கானிக்கிடம் போனால் "கார்புரேட்டரை பாருங்க" என்று சொல்லாதீர்கள். "செல்ப் நல்லா சுத்துது, வாடை இல்ல, பிளக் காய்ஞ்சிருக்கு" என்று சொல்லுங்கள். அவருக்கு வேலை பாதி குறையும். உங்களுக்கு செலவு குறையும்.