பெண்ணுக்கு நிறம் எப்படி?



திருமண உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களோடு சிலர் பெண்ணின் பயோடேட்டாவையும் வைத்திருப்பார்கள். படிப்பு, தகப்பனார் தொழில், உடன்பிறந்தோர் என்று போகும் விவரங்களுக்கு நடுவே ‘நிறம்’ என்றும் ஒரு வரி இருக்கும். மாப்பிள்ளையின் பயோடேட்டாவில் அந்த வரியை நாங்கள் அரிதாகவே பார்த்திருக்கிறோம். ‘பெண் சிவப்பா?’ என்று கேட்டவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கேள்வி அந்த வீட்டிலேயே தங்கிவிடும். சில நாட்களில் பெண்ணின் கையில் ஒரு க்ரீம் டப்பா இருக்கும்.

அந்த டப்பா என்ன செய்யும் என்பதற்கு அண்டை மாநிலத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அபூர்வமான வகை. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்க க்ரீம் பூசி வந்தவர்கள். பூசுவதை நிறுத்திய பிறகு பெரும்பாலோர் தேறினார்கள்.

காரணம் பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுப்பதால் முகம் வெளுக்கிறது. ஆனால் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது. கை கால் வீங்குகிறது. வேறு சில க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். நாளடைவில் தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும், முகத்தில் முடி வளரும். பிறகு அந்த முடியை எடுக்க வேறு செலவு, வேறு கவலை.

‘பெண்களுக்கு அலங்கார ஆசை அதிகம்’ என்று சொல்லி இதை எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். பெண்ணியச் சிந்தனையாளர்கள் இதை மறுக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் நவோமி வுல்ஃப் 1990-இல் வெளியிட்ட நூலில், பெண்கள் படிப்பிலும் வேலையிலும் முன்னேற முன்னேற அழகின் பெயரால் வரும் நெருக்கடியும் கூடுகிறது என்று வாதிட்டார். நம் சென்னையிலேயே ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. கறுத்த நிறத்தவரைத் திருமணத்திலோ வேலையிலோ தோற்றவராகக் காட்டக் கூடாது என்று 2014-இல் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் விதி வகுத்தது. 1975 முதல் விற்கப்பட்டு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’, 2020-இல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கியது. பயோடேட்டாவின் அந்த வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

அலங்காரம் தவறென்று நாம் சொல்லவில்லை. பெருநாளுக்கு மருதாணி இடுவது மகிழ்ச்சி. இடாவிட்டால் யாரும் தண்டிப்பதில்லை. நிறம் அப்படியல்ல, அதற்காக ஒரு பெண்ணின் சம்பந்தமே தட்டிப்போகிறது. நபி (ஸல்) அவர்கள் இறுதிப் பேருரையில் நிறத்தால் மேன்மை இல்லை என்று அறிவித்ததை மேடைதோறும் சொல்கிறோம். பிலால் (ரலி) அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம். பெண் பார்க்கப் போகும்போது மட்டும் இதெல்லாம் மறந்துவிடுகிறது.

வீட்டில் உடனே செய்ய வேண்டியவை:

தயாரிப்பாளர் முகவரியும், சேர்மானப் பட்டியலும், உரிம எண்ணும் இல்லாத க்ரீமை, வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவந்து தந்தாலும் பூசாதீர்கள்.

சேர்மானங்களில் ‘மெர்குரி’, ‘கலோமெல்’ என்றிருந்தால் தொடவே வேண்டாம். ‘பீட்டாமெத்தசோன்’, ‘க்ளோபீட்டசால்’, ‘மொமெட்டசோன்’ ஆகியவை ஸ்டீராய்டுகள். மருத்துவர் எழுதித் தராமல் முகத்தில் பூசக் கூடாது.

ஸ்டீராய்டு க்ரீமைப் பல மாதங்கள் பூசியிருந்தால் தோல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள். திடீரென நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கலாம்.

சிறுநீர் நுரைத்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ தாமதிக்காதீர்கள். க்ரீம் டப்பாவையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். சைதாப்பேட்டை அரசு மருத்துவமனை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உயர் சிகிச்சைக்குக் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் தொலைவில்லை.

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்று பெரியவர்கள் கையில் இருக்கிறது. அடுத்த முறை சம்பந்தம் பேசும்போது நிறத்தைக் கேட்காதீர்கள். யாராவது கேட்டால், ‘எங்கள் பிள்ளை ஆரோக்கியமாக இருக்கிறாள்’ என்று பதில் சொல்லுங்கள். பயோடேட்டாவில் அந்த வரியை எழுதாமல் விடுங்கள். நம் அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பங்களிலும் அது தேவையில்லை.

நம் பெண் பிள்ளைகளை அல்லாஹ் நலமாகவும் கண்ணியமாகவும் வாழச் செய்வானாக. ஆமீன்.