வற்றத் தெரிந்த ஏரி

அரியலூர் மாவட்டம் திருமானூர் பக்கம் உள்ள கரைவெட்டி ஏரியை மே மாதக் கடைசியில் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சுமார் 454 ஹெக்டேர் பரப்பில் பெரும்பகுதி வெறும் தரை. வெடித்த களிமண், மேயும் மாடுகள், நடுவே குட்டையாய்த் தேங்கிய கலங்கல். 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயமா இது என்று கேட்கத் தோன்றும். இதேதான். இங்கே பறவைகள் கூடுவதில் இந்த வறட்சிக்கும் பங்கு உண்டு.

ஏரிக்குத் தண்ணீர் மேட்டூரிலிருந்து புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வருகிறது. மீதியை ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும். பிறகு மதகு வழியே வயலுக்குப் போனது போக, மிச்சத்தை வெயில் குடிக்கும். கோடையில் நாளொன்றுக்கு ஆறேழு மில்லிமீட்டர்; ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒரு சாண். ஆழமான அணைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஏரியின் உள்வாய் தாம்பாளம் போலத் தட்டையானது. ஆயிரம் அடிக்கு ஓர் அடி சரிவு என்று வைத்துக்கொண்டால், ஒரு சாண் இறங்குவதற்குள் நீரின் விளிம்பு இருநூறு மீட்டருக்கு மேல் உள்ளே போய்விடும்.

இந்த நகரும் விளிம்புதான் பந்தி. முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கு ஆழம் வேண்டும். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து கழுத்தை நீட்டும். தரை அதற்கு எட்ட வேண்டும். உள்ளானுக்கு ஈரச் சேறு போதும். நீர் விலகிய இடத்தில் முளைக்கும் புல், இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்கு. நீர்மட்டம் அசையாமல் நின்றால் இவற்றில் பாதிக்கு இலை போட முடியாது.

நத்தைக்குத்தி நாரையின் அலகை நேரில் பார்த்திருக்கிறீர்களா? மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு அது இருக்காது. வளர வளரத்தான் உண்டாகும். ஆழமில்லாத நீரில் துழாவி நத்தையை எடுத்து, கீழலகின் கூர்நுனியை ஓட்டுக்குள் நுழைத்துத் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவிவிடும். ஓடு பெரும்பாலும் உடைவதில்லை. நாரைக்குத் தப்பிய நத்தை, நீர் வற்றியதும் சேற்றில் புதைந்து, மூடியை இறுகச் சாத்திக்கொண்டு அடுத்த மழை வரை கிடக்கும். விராலும் ஈரச் சேற்றுக்குள் காற்றைச் சுவாசித்துக்கொண்டு நாள் கடத்தக்கூடியது.

சேறு காயும்போது அதற்குள் காற்று புகுகிறது. அழுகிய தண்டும் இலையும் வேகமாக மட்குகின்றன. மாட்டுச் சாணம் வேறு. அடுத்த முறை தண்ணீர் ஏறும்போது இந்த உரமெல்லாம் ஒரே நேரத்தில் கரைய, பாசி பெருகுகிறது. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள், அவற்றைத் தின்னும் மீன்குஞ்சு என்று வரிசை கட்டுகின்றன.

இப்படி வற்றி மீளும் இன்னோர் ஏரி ஆப்பிரிக்காவின் மலாவியில் உள்ள சில்வா. நிறைந்தாலும் சில மீட்டர் ஆழம்தான். வெளியேற ஆறு கிடையாது. 1968இலும் 1995இலும் அது அடியோடு வற்றியது. மீனவர்கள் ஊரைவிட்டுப் பிழைக்கப் போனார்கள். தண்ணீர் திரும்பியதும், சுற்றியுள்ள ஆறுகளிலும் சதுப்பிலும் தங்கியிருந்த கெளுத்தி முதலான மீன்கள் ஏரிக்குள் இறங்கிப் பெருகின. அந்த ஒதுங்கிடங்கள் இல்லாதிருந்தால் கதை வேறு.

எனவே வற்றுவதெல்லாம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. தரை நெடுநாள் காய்ந்து கிடந்தால் சீமைக்கருவேலம் வேர் பிடிக்கும். வண்டல் சேரச் சேர ஏரி கொள்ளும் நீரும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் முக்கியம். வலசைப் பறவைகள் தங்கள் நாட்காட்டிப்படி குளிர்காலத்துக்குள் வந்துவிடும். வாய்க்கால் தண்ணீரோ மேட்டூர் அணையின் இருப்பைப் பொறுத்தது. காவிரி பிறக்கும் குடகில் மழை பொய்த்த ஆண்டில் கரைவெட்டிக்கு வடகிழக்குப் பருவமழையே கதி.