கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, அடுத்து என்ன?

மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்துவிட்டீர்கள். "அதான் சீட் கிடைச்சிடுச்சே" என்று வீட்டில் நிம்மதி அடைந்திருப்பார்கள். ஆனால் வகுப்பு இரண்டாம் மாடியில் இருக்கும். லிஃப்ட் இருக்காது, இருந்தாலும் பூட்டிக் கிடக்கும். தேர்வு நெருங்கியும் உங்களுக்காக எழுத யார் வருவார் என்று தெரியாது.

இதையெல்லாம் கேட்டுப் பெற முடியுமா? முடியும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'நியாயமான ஏற்பாடு' (நிறுவனத்துக்கு மிதமிஞ்சிய சுமை இல்லாமல், உங்கள் தேவைக்கேற்பச் செய்துதரும் மாற்றம்) என்று ஒன்று உண்டு. அதை மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது சட்டம்.

தனியார் கல்லூரிக்கும் இது பொருந்துமா? 5 சதவீதத்துக்குக் குறையாத இட ஒதுக்கீடு அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும்தான். ஆனால் தேவைக்கேற்ற ஏற்பாடு பற்றிய 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் நிறுவனங்களோடு அரசு அங்கீகாரம் பெற்றவற்றையும் சேர்த்தே பேசுகிறது. "நாங்க பிரைவேட்" என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

முதலில் வகுப்பறை. "பசங்க தூக்கிட்டுப் போறாங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் தூக்குகிறார்கள். ஆனால் தூக்க ஆள் வரும்வரை நீங்கள் கீழேயே காத்திருக்க வேண்டும். மேலே போனபின் கழிப்பறைக்கு இறங்க முடியாது என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் மாணவிகள் உண்டு. மாலையில் தலைவலி, நாளடைவில் சிறுநீர்த் தொற்று. "எவ்வளவு தன்னம்பிக்கை!" என்று மேடையில் பாராட்டும் கல்லூரி, கால அட்டவணையில் அறை எண்ணை மாற்றினாலே இதில் பாதி தீர்ந்துவிடும். காசு செலவில்லாத வேலை இது. எனவே கீழ்த்தளத்தில் வகுப்பும், சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குக் கதவுள்ள கழிப்பறையும் வேண்டும் என்று சேர்த்தே கேளுங்கள்.

அடுத்தது தேர்வு. கையால் எழுத முடியாதவர்கள், பார்வையில்லாதவர்கள் 'சொல்வதை எழுதுபவர்' (நீங்கள் சொல்லும் விடையைத் தாளில் எழுதித் தருபவர்) ஒருவரை வைத்துக்கொள்ளலாம். மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைப்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வென்றால் உங்களுக்கு நான்கு மணி நேரம்.

எழுதுபவரை நீங்களே அழைத்து வரலாமா? வரலாம். அவர் உங்களைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். தேர்வு நடத்துபவர்களே ஆள் தந்தால், இரண்டு நாள் முன்பே அவரைச் சந்திக்க உங்களை அனுமதிக்க வேண்டும். மொழித்தாளுக்கு ஒருவர், மற்ற பாடத்துக்கு வேறொருவர் என்றும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழகத்துக்கென்று தனிப் படிவம் இருக்கும். அதைத் தேர்வுக் கட்டணம் கட்டும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: விடை தெரிவது வேறு, அதைச் சொல்லி எழுதவைப்பது வேறு. தமிழ்த்தாளில் அவர் 'வலி'யை 'வழி' என்று எழுதினால் மதிப்பெண் போவது உங்களுக்குத்தான். ஐயமுள்ள இடத்தில் எழுத்தைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். பத்தி எங்கே முடிகிறது, எதற்கு அடிக்கோடு என்பதையும் வாய்விட்டே சொல்ல வேண்டும். பழைய வினாத்தாளை வைத்து அவரோடு ஒரு முழுத்தேர்வு எழுதிப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் பாதிப்பு 40 சதவீதத்துக்குக் கீழே என்று போட்டிருந்தால்? இட ஒதுக்கீடு கிடைக்காது. ஆனால் எழுதுவதில் தடை இருக்கும்போது, 40 சதவீதம் இல்லை என்பதையே காரணம் காட்டி எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு தேர்வர் தொடுத்த வழக்கு அது. அத்தகையவர்களுக்கான நெறிமுறையும் 2022இல் வந்துவிட்டது. அதற்குரிய மருத்துவச் சான்று வேண்டும்; அது ஒரே நாளில் கைக்கு வராது என்பதால் பருவத் தொடக்கத்திலேயே அலையத் தொடங்குங்கள்.

எப்படிக் கேட்பது? வாய்மொழியாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். மனுவாகக் கொடுங்கள். "கருணை கூர்ந்து" வேண்டாம். உங்கள் கஷ்டக்கதையும் வேண்டாம். என்ன தேவை, எந்தத் தேதியிலிருந்து, எதற்காக என்பதை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதி, யுடிஐடி அட்டை (நாடு முழுதும் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகலை இணையுங்கள். இரண்டு படி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வாருங்கள். முத்திரை வைக்க மறுத்தால், சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

கேட்டால் பேராசிரியர்கள் முறைத்துக்கொள்வார்களோ என்ற பயம் நியாயமானது. அதனால்தான் மனுவைத் துறைத்தலைவரோடு நிறுத்தாமல் முதல்வர் பெயருக்கே எழுதச் சொல்கிறேன். விஷயம் ஓர் ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

அப்படியும் அசையவில்லை என்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் சொல்லுங்கள். அடுத்தபடியாக மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம்; விசாரணைக்கு ஆள்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. புகாரோடு முத்திரை வாங்கிய நகலின் ஜெராக்ஸை மட்டும் வையுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.